பேரா மாநில வரலாறு: கைகளால் கற்ற பாடம்

 

சில ஆண்டுகளுக்கு முன், பங்கோர் உடன்படிக்கை எப்பொழுது கையெழுத்தானது என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வினவினேன். "1874, சனவரி 20" என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்புவித்தது. உள்ளம் குளிர்ந்தது. "அந்த உடன்படிக்கைக்குக் காரணமான சண்டை ஏன் லாருட்டில் நடந்தது? வேறு இடத்தில் ஏன் நடக்கவில்லை?" என்று அடுத்துக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இந்தப் பாடத்துல சுல்தான் இருக்காரு, வெள்ளக்காரன் இருக்கான், சீனர் இருக்காங்க. எங்க தாத்தா எங்கய்யா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பு 'காஜியான் தெம்பாத்தான்' என்னும் பாடத்தின்வழி தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வட்டாரத்தையும் மாநிலத்தையும் கற்றனர். 2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாயிற்று. பாடத்தின் பெயர் மாறினாலும் மனனம் செய்யும் பழக்கம் மாறவில்லை. அந்த மாணவனின் கேள்விக்குப் பிறகே, மாநில வரலாற்றைப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கும் சில நடவடிக்கைகளை வகுத்துக்கொண்டேன். அவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நடவடிக்கை 1: பத்து மீட்டர் கயிறு

பள்ளி நடைவழியில் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கட்டுங்கள். ஒரு மீட்டர் ஆயிரம் ஆண்டு. ஒரு சென்டிமீட்டர் பத்து ஆண்டு. கயிற்றின் ஒரு முனை இன்றைய நாள். மறுமுனையில் 'பேரா மனிதன்' நிற்கிறான்.

1990களின் தொடக்கத்தில் லெங்கோங் பகுதிக் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அம்மனிதரின் இடக்கை பிறவியிலேயே குறையுடையது. எனினும் அவரைச் சார்ந்தோர் கல் கருவிகளையும் நத்தை ஓடுகளையும் உடன் வைத்து மரியாதையாக அடக்கம் செய்திருந்தனர். இதைச் சொன்னபோது வகுப்பில் நிலவிய அமைதியை நான் மறக்கவில்லை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அடுத்து, 1528-இல் தோன்றிய பேரா சுல்தானகத்துக்கு ஓர் அட்டை. அதன் இடத்தை அளந்து பார்த்த பிள்ளைகள் திகைத்தனர். இன்றைய முனையிலிருந்து அது வெறும் 50 சென்டிமீட்டர்! பங்கோர் உடன்படிக்கை 15 சென்டிமீட்டர். நாட்டின் விடுதலை 7 சென்டிமீட்டர்கூட இல்லை. "தாத்தா பிறந்த ஆண்டு எங்கே வரும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் குறிக்கச் சொல்லுங்கள். தாத்தாவும் வரலாற்றுக் கயிற்றில்தான் இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் முதன்முதலாக உணர்வது அப்பொழுதுதான்.

நடவடிக்கை 2: மாவு நிலப்படமும் டூலாங் தட்டும்

கோதுமை மாவையும் உப்பையும் பிசைந்து, பலகையின்மீது பேரா மாநிலத்தை உருவாக்கலாம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், வடமேற்கே பிந்தாங் மலைத்தொடர், நடுவே தெற்கு நோக்கி ஓடும் பேரா ஆறு. மாவு காய்ந்தபின் மலைமீது சிறிது மணல் தூவி, மெல்ல நீர் ஊற்றச் செய்யுங்கள். மணல் அடித்துச் செல்லப்பட்டுப் பள்ளத்தாக்கில் தங்கும். கிந்தாவிலும் லாருட்டிலும் ஈயம் சேர்ந்தது இவ்வாறே. மலைப்பாறையில் இருந்த ஈயக் கனிமத்தை மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

பிறகு ஓர் அகன்ற தட்டில் மணலையும் சிறு இரும்பு நட்டுகளையும் கலந்து கொடுங்கள். நீரில் அமிழ்த்திச் சுழற்றினால் மணல் வெளியேறும். இரும்பு தட்டின் அடியில் தங்கும். ஈயக் கனிமம் மணலைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுள்ளது. டூலாங் என்னும் மரத்தட்டை ஏந்தி, முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று ஈயம் அலசிய பெண்கள் நம்பியிருந்தது இந்த எடை வேறுபாட்டைத்தான். ஐந்து நிமிடத்தில் முதுகு வலிக்கிறது என்று பிள்ளைகள் முறையிடுவர். அதுவும் பாடமே.

முதன்முறை இதைச் செய்தபோது நான் ஒரு தவறு செய்தேன். ஐந்து குழுக்களுக்கு ஒரே வாளி நீர்தான் வைத்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் வாளிக்காகச் சண்டை மூண்டது. ஒருவன் சட்டை முழுதும் நனைந்தது. அவர்களை அமர்த்திவிட்டு, "இதுதான் லாருட்" என்றேன். 1861-இல் அங்கே வெடித்த முதல் மோதலுக்குச் சுரங்க நீர்வாய்க்கால் தகராறு ஒரு காரணம். ஈயம் எடுக்க நீர் வேண்டும். நீர் யார் கையிலோ அவர் கையில் ஈயம். ஹை சான், கீ ஹின் என்னும் இரு சீனக் குழுக்களின் பூசல் 1874 வரை விட்டுவிட்டு நீடித்தது. அதன்பின் கிளியான் பாவ் என்ற இடத்துக்கு, 'பேரமைதி' எனப் பொருள்படும் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. அன்று நான் கேட்ட கேள்விக்கான விடை அந்த வாளியில் இருந்தது. இப்பொழுதெல்லாம் நான் வேண்டுமென்றே ஒரு வாளிதான் வைக்கிறேன்.

நடவடிக்கை 3: நூலால் இருப்புப்பாதை

மாவு நிலப்படத்தின்மீது சிவப்பு நூலால் இருப்புப்பாதைகளை இடச்செய்யுங்கள். முதல் நூல், 1885 சூன் 1-இல் திறக்கப்பட்ட தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதை. ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்றைய மலேசியாவின் முதல் இருப்புப்பாதை. அடுத்தது, 1895-இல் ஈப்போவைத் தெலுக் அன்சனோடு இணைத்த பாதை. அவ்வூரே இன்றைய தெலுக் இந்தான். "இந்த நூல்களில் என்ன ஒற்றுமை?" என்று கேளுங்கள். இரண்டும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குச் செல்கின்றன. ஊரையும் ஊரையும் இணைப்பது அப்பொழுது நோக்கமன்று. பிறை முதல் சிரம்பான் வரையிலான நெடும்பாதை 1903-இல்தான் முழுமை பெற்றது.

போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் எனப்படுகிறது. தண்டவாளம் இல்லை, ஆனால் பழைய நிலையப் பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. அதில் பிற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. அப்படத்தைக் காட்டி, "யார் படிப்பதற்காகத் தமிழில் எழுதினார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மலாயாவின் தண்டவாளங்களை இட்டுப் பராமரித்தோரில் தமிழகத்துத் தொழிலாளர் பெரும்பங்கினர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர்.

நடவடிக்கை 4: பாலும் வினிகரும்

1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த 9 ரப்பர்க் கன்றுகள் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே காட்டப்படுகிறது. ரப்பருக்கு முன்பே கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938-இல் முடிவுற்றது.

ஒரு குவளைப் பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, இரண்டு கரண்டி வினிகர் சேர்த்தால் பால் திரியும். ரப்பர்ப் பாலில் அமிலம் கலந்து கட்டியாக்கும் முறையும் இதைப் போன்றதே. வடிகட்டி, துணியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். விடியுமுன் மரம் வெட்டியது ஏன் என்றும் விளக்குங்கள்: குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும்.

நடவடிக்கை 5: வீட்டிலிருந்து ஒரு சொல்

முதலாண்டில், "வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்றேன். சிலர் உளியும் வாளியும் கொண்டுவந்தனர். ஒரு சிறுமி வெறுங்கையோடு வந்து தலைகுனிந்து நின்றாள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அவள் குடும்பம் எதையும் எடுத்து வரவில்லை. என் திட்டத்தின் குறையை அவள் முகத்தில் கண்டேன்.

மறு ஆண்டு முதல், பொருளுக்குப் பதில் ஒரு சொல்லைக் கேட்கிறேன். தாத்தா பாட்டியிடம் பேசி, இப்பொழுது யாரும் வழங்காத வேலைச்சொல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பெரட்டு, காண்டா, மங்கு, லயம், ஈயலம்பம் எனச் சொற்கள் குவிந்தன. வெறுங்கையோடு எவரும் வரவில்லை. அச்சொல் எந்த வேலையில், எந்த ஊரில் வழங்கியது என்பதை அட்டையில் எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டோம்.

அன்று கேள்வி கேட்ட மாணவனின் தம்பி பின்னர் என் வகுப்புக்கு வந்தான். அவன் கொண்டுவந்த சொல் 'பெரட்டு'. அதிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் என்று எழுதியிருந்தான். தாத்தாவின் தோட்டம் எங்கே என்று கேட்டேன். மாவு நிலப்படத்தில் சுங்கை சிப்புட்டைத் தொட்டுக்காட்டினான். அவன் அண்ணனுக்கு நான் தரவேண்டிய விடை, ஓர் அட்டை அளவில் அங்கே தொங்கியது.

பெற்றோர்களே, இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. வீட்டில் முதியோர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே பிள்ளையை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். கயிறும் மாவும் எப்பொழுதும் கிடைக்கும், அவர்கள் அப்படியல்லர்.