நந்தினி வளர்ந்த வீடு

பழுவூர் இளையராணி நந்தினி கெட்டது தாயில்லாமல் வளர்ந்ததால்தான் என்று, கோபாலபுரத்தில் குழந்தை மனநூல் படித்த அம்மாள் ஒருவர் என்னிடம் தீர்ப்புச் சொன்னார்.

கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியது 1950-இல். மறு வருஷமே, ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநோய் வைத்தியர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். தாயின் அன்போ, தாய் ஸ்தானத்தில் இருப்பவரின் இடையறாத அன்போ குழந்தைக்கு அவசியம் என்றார்.

நந்தினிக்கு இரண்டாவது கிடைத்ததே! நந்தவனத்தில் கிடந்த சிசுவை எடுத்து வளர்த்தார்கள். ஆழ்வார்க்கடியானுக்கு அவள் தங்கைதான். பழையாறைக்கு வந்த பிறகல்லவா காயம் பட்டது? அர்ச்சகர் வீட்டுப் பெண்ணுக்கு இளவரசனோடு என்ன சிநேகம் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். குந்தவைக்கும் அவளைப் பிடிக்கவில்லை. தொட்டிலைவிட அரண்மனை வாசற்படியைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

நந்தினி கற்பனை, ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. அவர்கள் சொத்தோடு உறவினர் சொத்தும் பறிபோயிற்று. பெற்ற மக்களையும் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் பிறகு யார் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தார்களோ, கல் சொல்லவில்லை.