குல்மார்க்கில் சொகுசு பனிச்சறுக்கு: பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

ஆல்ப்ஸ் மலைக்குப் போக ஷெங்கன் விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் தேவை. விசா இல்லாமல் பனிச்சறுக்கு ஆட நினைக்கும் சென்னைவாசிகளின் முதல் தேர்வு காஷ்மீரின் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. நட்சத்திர ஹோட்டல்களும் உண்டு. ஆனா, ரூம் சொகுசா இருந்தா மட்டும் போதாது.

எப்போது போகலாம்?

டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை சீசன். ஆனாலும் பனி நிச்சயமில்லை. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. எனவே, தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட், ரூமையே எடுங்க.

உயரம் ஒத்துக்கொள்ளுமா?

ஊரூர் ஒல்காட் குப்பம் கடலோரம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கோண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டும். தலைவலி, மூச்சுத்திணறல் வரலாம். முதல் நாள் ஓய்வெடுப்பது நல்லது.

ஆபத்து என்ன?

2024 பிப்ரவரி பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல், வழிகாட்டி இல்லாமல் வழக்கமான சறுக்குப் பாதையைத் தாண்டக் கூடாது. பயணக் காப்பீடு பனிச்சறுக்கு விபத்துக்கும் பொருந்துமா என்று பாலிசியில் படிச்சுப் பார்த்துட்டு பணம் கட்டுங்க.