டங்லுங்கில் ஏன் அன்னாசிப்பழம்?

2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, மறுநாளே சாப் கோ மே. சீனப் பெருநாளின் 15ஆம் நாள் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். காவடி முடிச்சு வீட்டுக்குப் போற வழியில, சீனக் கோயில்கள்ல சிவப்பு டங்லுங் வரிசையா எரியுறதைப் பார்த்திருப்பீங்க. போட்டோ எடுத்துட்டுப் போயிடுறோம். ஆனா அங்கே தொங்குற பழமும் பூவும் வெறும் அலங்காரம் இல்லை, வேண்டுதல். பேரை வாயால சொல்லிப் பார்த்தாத்தான் புரியும்.

அன்னாசிக்கு ஹொக்கியென்ல "ஓங் லாய்". அதே ஓசைக்கு "செழிப்பு வருது"ன்னும் அர்த்தம். அதனாலதான் நம்ம ஊர்ல கடைவாசல்ல எல்லாம் அன்னாசி டங்லுங். வேடிக்கை என்னன்னா, அன்னாசி சீனச் செடியே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியர் கப்பல்ல கிழக்கே வந்தது. நாம சொல்ற "அன்னாசி"யும் அவங்க "அனானாஸ்"தான். அந்நியப் பழம், பேர் பொருந்தினதால சாமி மேடை ஏறிடுச்சு!

தாமரை "லியென்": தொடர்ந்து. மீன் "யூ": மிச்சம். இரண்டையும் சேர்த்து வரைஞ்சா, வருஷா வருஷம் குறைவில்லாம இருக்கணும்னு வேண்டுதல். மாதுளைக்கு விதை நிறைய, அதனால பிள்ளைச் செல்வம்.

பினாங்கு கூ கொங்சி போனா கூரையை அண்ணாந்து பாருங்க. 1901-ல் தீக்கிரையாகி 1906-ல் மறுபடி எழுந்த கட்டடம். மேலே உள்ள பூக்கள், வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால நறுக்கி, சில்லு சில்லாச் சாந்தில் பதிச்சவை. நம்ம கோபுரச் சுதைக்கு ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் வர்ணம் பூசணும். பீங்கான் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

விளக்கு கதைக்கு வருவோம். முதல் நூற்றாண்டில் ஹான் வம்சத்து மிங் பேரரசர், இந்தப் பௌர்ணமியில பிக்குகள் புத்தருக்கு விளக்கேத்துறதைக் கேள்விப்பட்டு, நாடு முழுக்க ஏத்தச் சொன்னார்னு சீன மரபு. இந்தியாவிலிருந்து வந்த சமயத்துக்கு ஏத்தின விளக்கு! 713-ல் சாங்கான் நகர வாசலில் 50,000 விளக்குகளோட, பூத்த மரம் மாதிரி ஒரு ராட்சச விளக்குச் சக்கரம் நின்றதாகப் பழைய குறிப்பு இருக்கு. எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இன்னிக்கு பூங்காக்கள்ல பார்க்கிற பெரிய விளக்கு உருவங்களுக்குப் பேர்போன ஊர் சிச்சுவான் மாநிலத்து சிகோங். உப்புக் கிணறு ஊர். அங்கே 1964-ல் நவீன விளக்கு விழா தொடங்கிச்சு. கம்பியை வளைச்சு உருவம் கட்டி, பட்டுத்துணி ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பாங்க. பீங்கான் தட்டுகளையே கட்டி டிராகனும் செய்வாங்க.

கவுன்டர் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கன்டனீஸ்ல ஆரஞ்சும் "காம்", தங்கமும் "காம்". சீன பக்தர்கள் அதை ஜோடியாத்தான் தருவாங்க. அர்ச்சனை முடிஞ்சு தட்டைத் திருப்பும்போது ஜோடியைப் பிரிக்காதீங்க.