குளிர்காலத்தில் சினைப்பசு: மேய்ச்சல் வெளியும் கொட்டிலும்

குளிர்காலத்தில் புல் வளர்ச்சி நின்றுபோகும் நாடுகளில், சினைப்பசுக்களை வெளியிலேயே விட்டுப் பேணுவதும் கொட்டிலில் அடைத்துத் தீவனமிடுவதும் நெடுங்காலமாக அருகருகே நிலவிவரும் இரு முறைகளாகும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள் ஆதலாலும், இளவேனிற் புல் தாய்க்குப் பால் சுரக்க உதவும்படி ஈற்றுப் பருவம் குளிரின் முடிவை ஒட்டி அமைக்கப்படுவதாலும், கரு மிக விரைந்து வளரும் கடைசி மூன்று மாதங்கள் ஆண்டின் கடுமையான நாட்களிலேயே வந்து விழுகின்றன. கன்றின் பிறப்பெடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இக்காலத்தில்தான் சேர்கிறது.

குளிர் என்றதும் கூரைதான் தீர்வு என்று தோன்றுவது இயல்பே. ஆனால் மாட்டின் உடலமைப்பு வேறு கணக்குச் சொல்கிறது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது பெருமளவு வெப்பம் பிறக்கிறது. பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் அடர்ந்த குளிர்கால மயிரும் வளர்கிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே உடல்வெப்பத்தைக் காக்கப் பசு கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டுமோ, அது தாழ் மாறுநிலை வெப்பநிலை எனப்படும். அடர்ந்த மயிர் உலர்ந்திருக்கையில் சுமார் −8 பாகை செல்சியசாக உள்ள இவ்வெல்லை, மயிர் நனைந்துவிட்டால் சுமார் 15 பாகைக்கு ஏறிவிடுகிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஆற்றல் தேவை ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுகிறது. ஆகவே காற்றடங்கிய உலர்ந்த உறைபனியைவிட, விடாது பெய்யும் குளிர்மழையே சினைப்பசுவுக்குப் பெரும்பகை.

கனடாவின் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா சமவெளிகளில் வெப்பநிலை −30 பாகைக்கும் கீழே இறங்கும். ஆயினும் அங்கு இறைச்சிக் கன்றுகளை ஈனும் பசுக்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தை வெளியிலேயே கழிக்கின்றன. முற்றாத பார்லி, ஓட்ஸ் பயிரை அறுத்து அரிகளாக வயலிலேயே கிடத்திவிட, மாடுகள் பனியைக் கிளறி மேய்கின்றன. உலர்புல் உருளைகளை முன்கூட்டியே பரப்பிவைத்து, மின்வேலியை நகர்த்தி நகர்த்திச் சில உருளைகளாகத் திறந்துவிடுவதும் உண்டு. சாணமும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே உரமாகின்றன. காற்றுத்தடுப்பு வேலியில் பலகைகளுக்கிடையே ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விடப்படுகிறது. முழுதும் அடைத்த சுவரானால் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று, மாடுகள் நிற்குமிடத்திலேயே பனியைக் குவித்துவிடும்.

நியூசிலாந்தின் சவுத்லாந்து இதற்கு நேர்மாறு. அங்கு குளிர் மிதமானது, ஈரமோ மிகுதி. பால் வற்றச்செய்த சினைப்பசுக்கள் சூன் முதல் கேல் கீரை, ஸ்வீடு கிழங்கு, தீவன பீட்ரூட் வயல்களில் நாளுக்கு ஒரு கீற்றாக மேயவிடப்படுகின்றன. பயிர் தின்னப்பட்டதும் வெறுமையாகும் மண், குளம்புகள் மிதித்துச் சேறாகிறது. உலர்ந்த இடமில்லாத பசு, நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் படுத்து இளைப்பாறும் தன் இயல்பை இழக்கிறது. மூத்திரத்திலுள்ள நைட்ரசனோ, உறிஞ்ச வேரில்லாத மண்ணில் கசிந்து நிலத்தடி நீரைச் சேர்கிறது. சேற்றில் நிற்கும் பசுக்களின் காட்சிகள் எழுப்பிய எதிர்ப்பை அடுத்து அந்நாட்டு அரசு 2019இல் பணிக்குழு ஒன்றை அமைத்தது. எந்த விலங்கும் சேற்றில் ஈனக்கூடாது என்று அக்குழு வலியுறுத்தியது. இவ்வளவு அடிப்படையான ஒன்றை எழுதிச்சொல்ல நேர்ந்தது வேதனைக்குரியது.

அயர்லாந்தில் நவம்பர் வாக்கில் மாடுகள் கொட்டிலுக்குள் வருவதற்குக் காரணம் குளிரைவிட நனைந்த நிலமே. அடைத்த பசுவுக்குத் தீவனத்தை அளந்து இடலாம், மெலிந்ததைப் பிரித்துத் தேற்றலாம், ஈற்றுச் சிக்கலை இரவிலும் கவனிக்கலாம். ஆனால் காற்றோட்டம் குறைந்தால் அம்மோனியாவும் ஈரமும் தேங்கி நுரையீரல் நோய்க்கு இடந்தரும். ஒரே படுக்கையில் அடுத்தடுத்து ஈனும்போது முந்திப் பிறந்த கன்றுகளில் பெருகிய கிருமிகள் பிந்திப் பிறந்தவற்றைக் கழிச்சலில் வீழ்த்தும். திறந்தவெளியிலும் நேரக்கூடிய இக்கேட்டைத் தடுக்க, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருவான சாண்ட்ஹில்ஸ் முறையில், ஈன்ற பசுக்கள் கன்றுகளுடன் இருந்த நிலத்திலேயே நிற்க, ஈனாதவை ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை புது நிலத்துக்கு நகர்த்தப்படுகின்றன.

தாய்க்குப் பொருட்டல்லாத குளிர், பனிக்குட நீரில் நனைந்து பிறக்கும் கன்றுக்கு உயிராபத்து. பிழைத்தாலும் காதுநுனி உறைந்து உதிர்வதுண்டு. இதனாலேயே சமவெளிப் பண்ணையாளர் பலர் ஈற்றை ஏப்ரல், மே மாதங்களுக்குத் தள்ளினர். முன்னதாக ஈனச் செய்வோர், குளிர்காலம் முழுதும் வெளியில் நின்ற பசுவை ஈற்று நெருங்குகையில் வைக்கோல் பரப்பிய கொட்டகைக்குக் கொண்டுவந்து, கன்று உலர்ந்து எழுந்து சீம்பால் குடித்த பின்னரே இரண்டையும் மீண்டும் வெளியே விடுகின்றனர்.