எட்டுப் புள்ளிக் கதை

நகர்ற கேமராவுல எடுத்த காட்சியில சிஜி டைனோசரை நிக்க வைக்கணும்னா, கேமரா எப்படி நகர்ந்ததுன்னு முதல்ல தெரியணும் மக்களே. இல்லைன்னா டைனோசர் தரையில வழுக்கிட்டே போகும்.

1977 ஸ்டார் வார்ஸ்ல, பொம்மை விண்கலங்களைப் படம் பிடிக்க, கேமராவையே கம்ப்யூட்டர் கையில குடுத்து ஒரே அசைவை அச்சு பிசகாம திரும்பத் திரும்பச் செய்ய வச்சாங்க. 1993 ஜுராசிக் பார்க்ல கலர் டென்னிஸ் பந்துகளை அடையாளமா வச்சு ஷூட் பண்ணி, படத்துல அந்தப் பந்துகள் நகர்றதை வச்சே கேமராவோட பாதையைக் கண்டுபிடிச்சாங்க. (பந்தையெல்லாம் அப்புறம் அழிச்ச புண்ணியவான்களை யார் நினைக்கிறா!)

ஆனா இதுக்கான கணக்கு சினிமாவுக்காகப் போட்டதே இல்லை. 1981ல நேச்சர் இதழ்ல லாங்கெட்-ஹிக்கின்ஸ்னு ஒருத்தர் எழுதினார். வேதியியல் பேராசிரியரா இருந்துட்டு, மனுஷ மனசு எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய வந்தவர். ரெண்டு படத்துலயும் பொதுவா 8 புள்ளி கிடைச்சா போதும், நடுவுல கேமரா எப்படித் திரும்பி எந்தத் திசையில நகர்ந்ததுன்னு சொல்லிடலாம்னார். எவ்வளவு தூரம்கறது மட்டும் தெரியாது.

2011ல கேமரா ட்ராக்கிங் ப்ளெண்டருக்கும் வந்தது, இலவசமா. ராத்திரி 2 மணிக்கு அது "8 பொதுப் புள்ளி வேணும்"னு என்னைத் திட்டுதே, திட்டுறது சாட்சாத் அந்த வேதியியல் வாத்தியார்தான்!