ஒன்பதாயிரமும் எட்டாயிரமும்

அமெரிக்காவில் இன்று ஹோண்டா எஸ்2000 காரை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது: ஏபி1-ஆ, ஏபி2-ஆ? 2000 முதல் 2003 வரையிலான மாடல்கள் முதல் வகை. 2004 முதல் 2009 வரையிலானவை இரண்டாம் வகை. முன்னது 9000 சுற்று வரை ஏறும். பின்னதன் சிவப்புக் கோடு 8000. முன்னது வளைவில் வாலைத் திருப்பிவிடும். பின்னது ஓட்டுநரின் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இவ்வளவைச் சொல்லிவிட்டு, முரட்டுத்தனம் வேண்டுமா பக்குவம் வேண்டுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் அருகருகே நிறுத்தி, பானட்டைத் திறந்து பார்த்தால் இந்தப் பாகுபாடு பாதிக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

வேறுபாடு மிக ஆழமாக இருக்கும் இடம் எஞ்சின், அங்கிருந்தே தொடங்குவோம். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 87 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் பழையதில் 84 மி.மீ.; புதியதில் 90.7 மி.மீ. கூடிய இந்த 6.7 மி.மீ.தான் 1997 சி.சி. எஞ்சினை 2157 சி.சி. ஆக்கியது. ஆனால் எஞ்சின் பிளாக்கின் உயரத்தைப் பொறியாளர்கள் தொடவில்லை. கிராங்க் இப்போது ஒவ்வொரு பக்கமும் 3.35 மி.மீ. கூடுதலாக வீசுவதால், கனெக்டிங் ராடின் நீளத்தை 153 மி.மீ.யிலிருந்து 149.65 மி.மீ.க்குக் குறைத்தார்கள். கிராங்கின் அரைவீச்சையும் ராடின் நீளத்தையும் கூட்டிப் பாருங்கள்: பழையதில் 195 மி.மீ., புதியதிலும் 195 மி.மீ. ஒன்றில் கூட்டியதை மற்றொன்றில் அப்படியே கழித்திருக்கிறார்கள். இரு எஞ்சின்களையும் வெவ்வேறு குணங்களாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. நிமிடத்துக்கு 9000 சுற்று என்றால் விநாடிக்கு 150 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 84 மி.மீ. ஏறி 84 மி.மீ. இறங்குகிறது. ஆகவே அதன் சராசரி வேகம் விநாடிக்கு 25.2 மீட்டர். புதிய எஞ்சினில் 8000 சுற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் 24.2 மீட்டர் வருகிறது. மீட்டர் பலகையில் ஆயிரம் சுற்று விலகி நிற்கும் இரண்டும் சிலிண்டருக்குள் ஒரே ஒரு மீட்டர்தான் விலகி நிற்கின்றன. நீண்ட வீச்சுள்ள புதிய எஞ்சினையும் 9000 வரை ஓடவிட்டிருந்தால் அந்த வேகம் 27 மீட்டரைத் தாண்டியிருக்கும். தெருவில் ஓடும் காருக்கு அது பொறுப்பான எண் அல்ல. ஆக 8000 என்ற எல்லை, துணிச்சல் குறைந்ததால் வந்ததில்லை. பழைய எஞ்சின் எந்த விளிம்பில் நின்றதோ, ஏறக்குறைய அதே விளிம்பில்தான் புதியதையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

உச்ச சக்தியை எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் கூடுகிறது. இரண்டுக்கும் ஹோண்டா முதலில் அறிவித்தது 240 குதிரைத்திறன். (2006 முதல் 237 என்று மாறியதற்குக் காரணம் அளவிடும் முறை மாறியதுதான், எஞ்சின் தளரவில்லை.) பழையது அதை 8300 சுற்றில் எட்டுகிறது, புதியது 7800இல். அந்தந்தப் புள்ளியில் பிஸ்டனின் வேகம் பழையதில் விநாடிக்கு 23.2 மீட்டர், புதியதில் 23.6. முழுச் சக்தியைக் கொடுக்கும் தருணத்தில், பக்குவமானது என்று பெயர் வாங்கிய எஞ்சினின் பிஸ்டன்தான் சற்று வேகமாக ஓடுகிறது. சின்ன அடியாக எடுத்து விரைந்து நடப்பவரும் நீண்ட அடியாக எடுத்து வைப்பவரும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேர்வதைப் போன்றது இது. காலடிகளை எண்ணுகிறவருக்கு முன்னவர்தான் வேகமானவராகத் தெரிவார்.

ஆனால் காலடிகளை எண்ணுவதிலும் ஒரு நியாயம் உண்டு. ஓட்டுபவரின் காதுக்கும் கைக்கும் எட்டுவது அதுதான். ஹோண்டா சிட்டியின் பின்பக்க எழுத்தாக நமக்குப் பழகிப்போன விடெக், இங்கே 6000 சுற்றை ஒட்டி வேறொரு கேமுக்கு வால்வுகளை ஒப்படைக்கிறது. ஒலி அங்கே கூர்மையாக மாறுகிறது. பழைய காரில் அதற்குமேல் மூவாயிரம் சுற்று மீதமிருக்கும், புதியதில் இரண்டாயிரம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இந்த வித்தியாசம் துல்லியமாகப் புலப்படும். இரண்டிலும் அந்தக் கியர்களின் விகிதம் ஒன்றே. 9000இல் மாற்றினால் ஊசி 6500ஐ ஒட்டி விழுகிறது, அதாவது பெரிய கேமின் ஆட்சிக்குள்ளேயே. 8000இல் மாற்றினால் 5800இல், அதன் வாசலுக்கு வெளியே. பழைய கார் தன் உச்சத்தை ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போகும். புதியது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் கீழே இறங்கி மீண்டும் ஏறும்.

இறங்கினாலும் அது திணறுவதில்லை. பழையதன் முறுக்குவிசை 7500 சுற்றில் 207 நியூட்டன் மீட்டர். புதியதில் சுமார் 220, அதுவும் 6500ஐ ஒட்டியே கிடைத்துவிடுகிறது. போதாததற்குப் புதியதில் முதல் நான்கு கியர்களின் மொத்த விகிதத்தைச் சுமார் 4 சதவீதம் நெருக்கியிருக்கிறார்கள். சிக்னலில் நின்று புறப்படும்போதும், மூன்றாவது கியரில் மேடு ஏறும்போதும், நம் ஊர் ஓட்டுநர்கள் புல்லிங் என்று சொல்வது புதியதில்தான் அதிகம். அமெரிக்க வாடிக்கையாளர்களின் குறையே கீழ்ச்சுற்றில் வண்டி சோம்பலாக இருக்கிறது என்பதுதான், 2.2 லிட்டர் எஞ்சின் முதலில் அவர்களுக்காகவே வந்தது. அன்றாடம் அலுவலகம் போய்வரும் காராகவும் இது இருக்க வேண்டும் என்பவருக்கு இந்த ஒரு பத்தியே போதும்.

வளைவில் நடந்துகொள்ளும் விதத்துக்கு வருவோம். என்எஸ்எக்ஸ் காரை உருவாக்கிய ஷிகெரு உயெஹாராதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். முன்னும் பின்னும் எடையைச் சரிபாதியாகப் பங்கிட்ட அவருடைய அமைப்பு இரண்டுக்கும் பொது. முதல் வகையில் பின்சக்கரங்கள் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது தாமே சற்றுத் திரும்பிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன. எடை பின்னால் அழுந்தியிருக்கும்வரை அது கார் சாலையைக் கவ்விக்கொள்ள உதவும். வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதியின் எடை விலகும், சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும், வால் வெளியே வரும். 2004இல் இந்தத் திரும்பலைக் கணிசமாகக் குறைத்தார்கள். 16 அங்குலச் சக்கரங்கள் 17 அங்குலமாயின. பின் டயரின் அகலம் 225 மி.மீ.யிலிருந்து 245 ஆனது. புதியதன் பின்பகுதி நிதானமாக நடந்துகொள்வதற்கு இவையே காரணம்.

இருந்தாலும் இந்த ஒப்பீடு செய்யப்பட்டது கார்கள் புத்தம் புதிதாக இருந்த காலத்தில். பழையது அணிந்து வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்-02 டயர்கள் என்றோ தேய்ந்துபோயின; அந்த 16 அங்குல அளவுகளில் நல்ல டயர் கிடைப்பதே இன்று அரிது என்பதால் ஏபி1 வைத்திருப்பவர்களில் பலர் ஏபி2வின் 17 அங்குலச் சக்கரங்களையே மாட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டு ஓடிய காரில் ரப்பர் புஷ்கள் இறுகியிருக்கும், அலைன்மெண்ட் பல கைகளில் மாறியிருக்கும். இன்று நம் முன் நிற்கும் ஒரு ஏபி1 வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 2000ஆம் ஆண்டின் விமர்சனத்தைவிட, அதைக் கடைசியாக வைத்திருந்தவர் தீர்மானித்திருப்பார். இந்த விஷயத்தில் இரண்டு வகைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்துவிட்டன.

உதிரிபாகங்களிலும் அதே நகர்வு. ஏபி1வின் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்கள் மெல்லியவை. நான்காவதுக்குப் போக வேண்டிய கை இரண்டாவதில் விழுந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றால் அவை விரிசல் விடும். அதற்கு அனைவரும் செய்யும் பரிகாரம் ஏபி2வின் தடித்த ரிடெய்னர்களைப் பொருத்துவது. 2000, 2001 மாடல்களில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் போல்ட்டில் இரண்டே துளைகள். நான்காவது சிலிண்டர் பழுதானதாகக் கதைகள் பல வந்தபின் நான்கு துளை போல்ட் வந்தது, அதையும் பழைய எஞ்சினில் மாட்டிக்கொள்ளலாம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய கார் என்றால் பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள் புதிய காரின் பாகங்கள் இருக்கும். கியர்பாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவது கியர் விழும்போது ஏபி1இல் கேட்கக்கூடிய கரகரப்பைப் போக்க ஏபி2வுக்குக் கார்பன் சிங்க்ரோனைசர்கள் கொடுத்தார்கள். அதைப் பழையதில் சரிசெய்வது செலவு பிடிக்கும் வேலை.

நோய்களில் சில இரண்டுக்கும் பொதுவானவை. டைமிங் செயின் டென்ஷனர் தளர்ந்தால் இரண்டிலும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து சலசலப்பு கேட்கும். இழை கலந்த உலோகத்தாலான சிலிண்டர் சுவர் கீறிவிட்டால் இரண்டிலும் சாதாரண போரிங் வேலை எடுபடாது. ஆறு விநாடியில் மடியும் துணிக்கூரை இரண்டிலும் ஒரே மடிப்பில்தான் கிழியும்.

பரிசோதனைக்குப் போகும்போது வகையை மறந்துவிடுவது நல்லது. பானட்டின் உட்புறம், ஃபெண்டர்கள், கதவுகள், பம்பர்கள், டிக்கி மூடி என ஒவ்வொரு பாகத்திலும் காரின் வரிசை எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கரை ஹோண்டா ஒட்டி அனுப்பியது. அத்தனையும் இருந்து, எண்களும் ஒத்துப்போனால் அந்த உடல் அப்படியே ஆலையிலிருந்து வந்தது. ஒரு ஃபெண்டரில் ஸ்டிக்கர் இல்லை, அதன் போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்திருக்கிறது. ஏன் என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை, எண்ணெய் அளவுகோல். குறிப்பாக ஆரம்பகால ஏபி1களில் சில எண்ணெயைக் குடிக்கும். அளவைப் பார்க்காமல் ஓட்டியவரின் கார் என்றால் மற்ற தகுதிகளுக்கு அர்த்தமில்லை.

ஒவ்வொரு வகைக்குள்ளும் ஒரு கோடு ஓடுகிறது. இதை வாங்குபவர்களில் பலர் கவனிப்பதில்லை. ஏபி1இல் அது 2002: பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் போய்க் கண்ணாடி வந்தது, சஸ்பென்ஷனும் சற்று இளகியது. ஏபி2வில் அது 2006: ஆக்சிலரேட்டரின் கேபிள் போய் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது, சறுக்கலைத் தடுக்கும் அமைப்பும் சேர்ந்தது. 2000க்கும் 2009க்கும் இடையே தேர்ந்தெடுப்பது கடினமில்லை. 2003ஐயும் 2004ஐயும் வைத்துத்தான் தடுமாற வேண்டும். இரண்டிலும் கண்ணாடி உண்டு, இரண்டிலும் கேபிள் உண்டு, இரண்டிலும் சறுக்கல் தடுப்பு இல்லை. ஒரே தரத்தில் இரண்டும் கிடைத்தால் என் கை 2003ஐ நோக்கிப் போகும். டயரும் சஸ்பென்ஷனும் ரிடெய்னரும் பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. சுருக்கமான வீச்சுள்ள அந்த கிராங்கும், மூன்றாவது கியரில் 6500இல் விழும் ஊசியும் அந்தக் காரோடு வருபவை. ஆனால் 2004 காரின் ஸ்டிக்கர்கள் முழுமையாகவும் 2003இன் ஒரு ஃபெண்டர் மௌனமாகவும் இருந்தால், தயங்காமல் 2004ஐ எடுப்பேன்.

இந்தத் தடுமாற்றம் முழுக்க அமெரிக்கச் சந்தைக்கு உரியது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2004இன் புதிய சக்கரங்களும் சஸ்பென்ஷனும் வந்தபோது எஞ்சின் மாறவில்லை. கடைசிவரை அங்கே 9000 சுற்று எஞ்சின்தான். ஜப்பானிலும் 2005இன் பிற்பகுதிவரை அப்படியே, அதுவும் 250 குதிரைத்திறனோடு. அமெரிக்கர்கள் எதை விட்டு எதை எடுப்பது என்று வாதிட்டார்களோ, அந்த இரண்டும் ஒரே உடலில் அங்கே விற்பனைக்கு இருந்தன. அமெரிக்கச் சட்டப்படி 25 ஆண்டு நிறைந்த வெளிநாட்டுக் காரைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம். 2004இல் செய்யப்பட்ட கார்களுக்கு அந்த வயது 2029இல் வருகிறது. ஸ்டீயரிங் இடப்பக்கம் வேண்டும் என்பவர்கள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தேட வேண்டியிருக்கும்.