எழுத்துருவும் உடைமையும்
திருகோணமலை அலுவலகங்களிற் கணினித் தமிழ் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் ஏட்டிலிருந்து அச்சுக்கு நிகழ்ந்த மாற்றத்தை விரிவாகவே நோக்கியுள்ளனர். அச்சுக்கூடம் யாருடைய கையில் இருந்தது, எழுத்தச்சுக்களை யார் வார்த்தனர், அவற்றுக்கு யார் பணம் கொடுத்தனர் என்னும் வினாக்கள் அவ்வாய்வுகளில் எழுப்பப்பட்டுள்ளன. தட்டெழுத்துப் பொறியிலிருந்து கணினிக்கு நிகழ்ந்த மாற்றத்தைப் பற்றி இவ்வினாக்களை எழுப்புவோர் அரியர். எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிகிறது, அனுப்பிய கடிதம் திறக்கவில்லை, நச்சுநிரல் புகுந்துவிட்டது, உரிம இலக்கம் கேட்கிறது என்றெல்லாம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடுகள் தனிமனிதரின் அறியாமையாகவோ பொறியின் கோளாறாகவோ கொள்ளப்பட்டு, அன்றன்றே மறக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு அடிப்படையில் உடைமை பற்றியது என்பதும் நமது கருத்து. இக்கருத்தைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

திருகோணமலையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை அது பிரித்தானியப் பேரரசின் துறைமுகம். அங்கு கணக்கும் கட்டளையும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டிலேயே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டுவிட்டது. தமிழும் அரசகரும மொழியாகும் என்னும் வாசகம் 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலமே அரசியலமைப்பில் இடம்பெற்றது. வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கிய பதினாறாவது திருத்தம் 1988இல் வந்தது. அவ்வாண்டில் உருவான வடக்கு-கிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் திருகோணமலையாயிற்று. 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் இணைப்பு நீங்கிய பின்னர் கிழக்கு மாகாணத்தின் தலைமையிடமாக அந்நகரமே தொடர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் அது. கடிதம் ஒரு மொழியிற் புறப்பட்டு மற்றொரு மொழியில் மறுமொழி பெறும் இடம். சட்டம் தந்த மொழியுரிமை ஏறத்தாழக் கணினி அலுவலகத்துள் நுழைந்த காலத்திலேயே கிடைத்தது என்பது மனங்கொளத்தக்கது. உரிமை கிடைத்தது, அதனைச் செயற்படுத்தும் கருவி வேறொருவரது உடைமையாக இருந்தது.

முன்னைய கருவியின் நிலை வேறு. சுண்டிக்குழியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசையமைப்பை வகுத்தவர். ஜெர்மன் நிறுவனமொன்றே அப்பொறியைச் செய்தது. அதுவும் முதலாளித்துவ உற்பத்திதான், விலையும் குறைவன்று. ஆயினும் பொறியை வாங்கிய அலுவலகம் அதற்கு முழு உரிமை பெற்றது. நாடா தேய்ந்தால் மாற்றலாம். நெம்பு வளைந்தால் ஊரிலுள்ள திருத்துநர் நிமிர்த்துவார். செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் பொறி தட்டிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொறியில் அடித்த தாளை வாசிப்பதற்கு அதே பொறி வேண்டியதில்லை.

கணினி முதலில் மாற்றியது இந்தக் கடைசி இயல்பையே. இலங்கை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பரவிய தமிழ் எழுத்துருக்களுள் 'பாமினி' தலையாயது. அதன் விசையமைப்பு தட்டெழுத்துப் பொறியினதைத் தழுவியது. எனவே தட்டெழுத்துப் பயின்ற எழுதுவினைஞர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அதன் வெற்றிக்கு இதுவே முதற் காரணம். ஆனால் கணினியைப் பொறுத்தவரை பாமினியில் எழுதப்பட்டது தமிழே அன்று. உரோம எழுத்துகளுக்குத் தமிழ் வடிவப் போர்வை போர்த்தியதுதான் அவ்வெழுத்துரு. 'தமிழ்' என்ற சொல்லை அடிக்கும்போது கணினி தன்னுள் குறித்துவைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் மட்டுமே. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் போர்வை விலகி அந்த ஆங்கில எழுத்துகளே எஞ்சும். 'கூ' என்ற எழுத்து அமெரிக்க டொலர்க் குறியின் இடத்தில் அமைந்திருந்தமையால், கூட்டம் பற்றிய அறிவித்தல் ஒவ்வொன்றும் டொலருடன் தொடங்கும். இதனை வேடிக்கையாகச் சொல்வோரை நாமும் கண்டிருக்கிறோம்.

வேடிக்கைக்கு அப்பாற்பட்ட விளைவுகளும் இருந்தன. தட்டெழுத்து மரபிற்கேற்ப இம்முறையில் எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னரே அடிக்க வேண்டும். ஒகர, ஓகார உயிர்மெய்களும் அக்குறிகளோடுதான் தொடங்குகின்றன. ஆகவே பாமினியில் உள்ள ஒரு பட்டியலை அகரவரிசைப்படுத்துமாறு கணினியைப் பணித்தால், கோணேசபுரியும் தோப்பூரும் சேருவிலவும் ஒரே தலைப்பின் கீழ் ஒன்றுகூடும். முதலெழுத்து அவற்றுக்கு ஒன்றே என்று கணினி கொள்கிறது. 'மூ' நூற்றுவீதக் குறியின் இடத்தில் இருப்பதால் மூதூர் எல்லா ஊர்களையும் முந்திக்கொண்டு பட்டியலின் தலையில் நிற்கும். செல்லம்மாவும் தெய்வானையும் பெரியதம்பியும் அவ்வாறே ஒரு வீட்டாராவர். வாக்காளர், காணியுடையோர், நிவாரணம் பெறுவோர், காணாமற்போனோர் என மாவட்டத்து வாழ்வு பட்டியல்களில் தங்கியிருந்த காலம் அது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வந்தவருக்காக, கணினியை வைத்துக்கொண்டே விரலால் வரிவரியாகத் தேடினார் எழுதுவினைஞர். தேடுதல் என்னும் செயலைப் பொறுத்தமட்டில் கணினி அங்கே வெறும் அலங்காரமே.

சிங்கள எழுதுவினைஞரின் நிலையும் இதற்கு வேறானதன்று. 'எவ்.எம். அபய' போன்ற எழுத்துருக்களில் அவர் அடித்த கடிதமும் போர்வை நீங்கினால் ஆங்கிலக் குவியலாகவே தோன்றியது. ஒரே அறையில் இருந்த இருவரும் ஒருவர் கோப்பை மற்றவர் கணினியில் வாசிக்க இயலாதிருந்தமைக்கு இனவேற்றுமை காரணமன்று. இரு மொழிகளும் மூன்றாவது மொழி ஒன்றின் வீட்டில் ஒட்டுக்குடித்தனம் இருந்தமையே காரணம்.

இனி, இம்மென்பொருள்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும். மென்பொருள் தனி விலைப்பண்டமானதே அண்மையில்தான். ஐ.பி.எம். நிறுவனம் பொறியோடு சேர்த்துக் கொடுத்துவந்த நிரல்களைப் பிரித்து விலைகூறும் முடிவை 1969இலேயே அறிவித்தது. பில் கேட்ஸ் 1976 பெப்ரவரியில் எழுதிய பகிரங்கக் கடிதம், தம் நிரலைப் படியெடுத்துப் பகிர்ந்த ஆர்வலரைக் களவாளிகள் எனச் சாடியது. அதற்கு மாறாக 1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் குனு திட்டத்தை அறிவித்து, நிரலைப் பயன்படுத்தவும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்றார். இந்த விவாதத்தின் ஒலி எதுவும் நமது ஊர்களை எட்டவில்லை. எட்டியது படியெடுத்த இறுவட்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபின் கணினி வகுப்புகளும் விற்பனை நிலையங்களும் பெருகிய நாட்களில், ஒரு தேநீர்ச் செலவுக்குச் சற்று மேற்பட்ட விலையில், இயங்குதளமும் அலுவலக மென்பொருளும் முப்பது எழுத்துருக்களும் ஒரே வட்டில் கிடைத்தன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமைக்குட்பட்ட ஆக்கமாகக் கொண்டு, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு வழங்கிய அதே காலம் அது. மென்பொருள் உடைமையாளரின் சங்கம் 2011இல் இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 84 வீதம் உரிமமற்றவை என மதிப்பிட்டது. மதிப்பீடு செய்தவர் வழக்கின் ஒரு தரப்பினர் என்பதை மறவாமலே இவ்வெண்ணை ஏற்கலாம். கடைத்தெருவைக் கண்டவர்க்கு அது வியப்பளிக்காது.

இங்கு முற்போக்கு வட்டாரங்களில் நிலவும் ஒரு கருத்தோடு நாம் மாறுபடுகிறோம். படியெடுத்த மென்பொருள் ஏகபோகத்துக்கு எதிரான ஏழைகளின் எதிர்ப்பு என்பது அக்கருத்து. விளைவைக் கொண்டு நோக்குமிடத்து நேர்மாறானதே உண்மை. உடைமை மென்பொருளும் சுதந்திர மென்பொருளும் கடையில் ஒரே விலைக்குக் கிடைத்தபோது, பயில ஆளும் பாடநூலும் உள்ள முன்னையதையே அனைவரும் எடுத்தனர். லினக்சும் அதன் துணை மென்பொருள்களும் தன்னார்வலரின் உழைப்பால் தமிழ் இடைமுகம் பெற்றிருந்தும், நமது அலுவலகங்கள் அவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. பெருநிறுவனம் தன் சந்தையை இழக்கவில்லை. ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தை இலவசமாகப் பெற்றது. தமிழுக்கென எழுத்துருவும் சொல்லாய்வு மென்பொருளும் ஆக்கி விற்க முயன்ற சிறு ஆக்குநரோ அதே வட்டில் தம் படைப்பும் இருக்கக் கண்டனர். படியெடுத்தல் உடைமையை அசைக்கவில்லை, அதற்கு ஊர் ஊராக முகவர்களைத் தேடிக் கொடுத்தது எனலாம்.

ஆயினும் பழியை எழுதுவினைஞர்மேற் போடுவது நியாயமாகாது. ஓர் உரிமத்தின் விலை அவரது மாதச் சம்பளத்தின் கணிசமான பகுதியை விழுங்கும். பேருக்கு உரிமம் வாங்கிய இடத்திலும் உதவி கிடைத்ததா என்பது வேறு வினா. உதவிக்குத் தரப்பட்ட தொலைபேசி இலக்கம் கொழும்பிலோ கடல்கடந்தோ ஒலித்து, ஆங்கிலத்தில் விடை சொன்னது. ஊரிலிருந்த திருத்துநருக்கோ நிரலின் உள்ளே கைவைக்க உரிமையுமில்லை, வழியுமில்லை. தட்டெழுத்துப் பொறியின் நெம்பை நிமிர்த்தியவரின் வாரிசான அவரிடம் எஞ்சிய ஒரே மருந்து, வன்தட்டை முழுவதும் அழித்து எல்லாவற்றையும் மீள நிறுவுவது. நாமும் ஒருமுறை அத்தகைய கடையொன்றில், ஒரு பாடசாலைச் சஞ்சிகையின் மெய்ப்புகளை இழந்து திரும்பினோம். கடைக்காரர் மீது கோபம் வரவில்லை. அவர் செய்யக்கூடியதைச் செய்தார்.

தீர்வு ஒன்று இருக்கவே இருந்தது. 1991இல் வெளிவந்த யுனிகோட் குறிமுறையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு நியமத்தை ஒட்டி 128 இடங்களுக்குள் தமிழை அடக்கியமை பற்றிக் கடுமையான விவாதங்கள் எழுந்தன; தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோடையும், அதனோடு எல்லா உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் பதினாறு துணுக்குக் குறிமுறையையும் ஏற்றமை அவ்விவாதத்தின் பெறுபேறே. அதனுள் இங்கு புகவில்லை. நமக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. தமிழ் யுனிகோடைக் காட்டவல்லது. எனினும் பயனர் அமைப்புகளுக்குட் சென்று சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தெரிவை இயக்க வேண்டும். இயக்கினால் கணினி மூல இறுவட்டைக் கேட்கும். மூல இறுவட்டு யாரிடம் இருந்தது? விற்றவர் ஒரே வட்டால் நூறு கணினிகளுக்கு நிறுவிவிட்டுப் போயிருந்தார். எழுத்துகளின் வடிவம் உலகப் பொதுவாகிவிட்ட பின்னரும், அவற்றைத் திறக்கும் சாவி உரிமம் என்னும் பழைய பூட்டுக்குள்ளேயே இருந்தது. இலங்கையின் தமிழ்க் குறிமுறைக்கான 1326ஆம் இலக்க நியமம் 2008இல் வந்தது. அது வகுத்த ரெங்கநாதன் விசையமைப்பு தட்டெழுத்துப் பழக்கத்தையே பின்பற்றியதால், பழைய விரல்கள் புதிய குறிமுறைக்குச் செல்லத் தடையிருக்கவில்லை. நியமம் வந்த பின்னரும் பாமினி நின்றதென்றால், அதற்குக் காரணம் பழைய கோப்புகளும் பழைய கணினிகளுமே. அக்கோப்புகளை மாற்ற உதவியவற்றுள் குறிப்பிடத்தக்கது, ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கி இலவசமாக வழங்கிய 'பொங்குதமிழ்' மாற்றி. அரசு செய்யவேண்டிய பணியைப் புலம்பெயர்ந்த ஒருவர் ஓய்வுநேரத்திற் செய்தார்.

மாற்றுவழி இந்நாட்டிலேயே ஒருமுறை தன்னை நிறுவிக்காட்டியது. 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் குச்சவெளியையும் தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரண அமைப்புகளையும் பதிவதற்கு ஆயத்தமான மென்பொருள் எதுவும் நாட்டில் இருக்கவில்லை. இலங்கை மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தன்னார்வலர் சில வாரங்களுக்குள் 'சகன' என்னும் அமைப்பை எழுதினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமத்துடன் அது வெளியிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்துக்கும் அது எடுத்துச் செல்லப்பட்டது. அதைக் கொண்டுசெல்ல எவரும் எவரிடமும் உரிம இலக்கம் கேட்கவில்லை. இவ்வளவு இயலுமாயின், ஒரு பிரதேச செயலகத்தின் அன்றாடக் கடிதத்துக்கும் காணிப் பதிவுக்கும் அதே வழி ஏன் திறக்கவில்லை என்பதை ஆராய வேண்டும். அனர்த்த காலத்தில் மட்டும் பொதுவுடைமையை நினைப்பது நம் ஆட்சியமைப்புகளுக்குப் பழகிய ஒன்று.

எக்ஸ்.பி.க்கான உதவியை 2014 ஏப்ரல் 8ஆந் திகதியுடன் உரிய நிறுவனம் நிறுத்தியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், 10க்கு 2025 ஒக்டோபரிலும் அதுவே நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் கைவிடப்படும் பொருளுக்குச் சட்டம் 70 ஆண்டுக்கு மேற்பட்ட காவல் வழங்குகிறது. கைவிட்டவர் திருத்தமாட்டார், பிறர் திருத்தவும் கூடாது. வாடகைக்காரரை வெளியேற்றாமலே கூரையைக் கழற்றும் வீட்டுச் சொந்தக்காரரை இது ஒக்கும்.

திருகோணமலை நகரில் நாம் சென்ற ஓர் அலுவலகத்தின் மூலையில் இன்றும் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதிற் புதிய வேலை எதுவும் நடப்பதில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து அடிக்கப்பட்ட பாமினிக் கோப்புகள் அதில் உள்ளன. இடப்பெயர்வுக்கு முன் எந்தக் குடும்பம் எந்தக் காணியில் இருந்தது என்பதற்கான கடிதங்களும் அவற்றுள் அடங்கும். எவரேனும் பழைய கடிதமொன்றின் பிரதி கேட்டு வந்தால், அங்குள்ள பெண் எழுதுவினைஞர் அதனை இயக்கி, கோப்பின் பெயரை நினைவிலிருந்து எடுத்து, தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறார். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.